ஒரு சுரத்துக்கு 48 குரல்

10சிசி என்ற இங்கிலாந்து பாப் குழுவின் ‘ஐம் நாட் இன் லவ்’ பாட்டை ஒருமுறை கேட்டவர்களுக்கும் அதன் அடியில் ஓடும் அந்த ‘ஆ’ நினைவில் இருக்கும். கூட்டமாகப் பாடுகிறார்கள் என்று தெரியும், ஆனால் யாரும் மூச்சு விடுவது கேட்காது. எங்கே தொடங்கியது, எங்கே நின்றது என்று சொல்ல முடியாது. 1975-ல் வந்த பாட்டு. டிஜிட்டல் குரல் சாம்பிள்களை, அதாவது முன்பே பதிவு செய்து வைத்த குரல் துண்டுகளை, விலைக்கு வாங்கி கீபோர்டில் ஏற்றிக்கொள்ளும் வசதியெல்லாம் அப்போது கிடையாது. இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் ஊரில், ஸ்ட்ராபெரி ஸ்டுடியோஸ் என்ற தங்கள் சொந்த ஸ்டுடியோவில், குழுவின் நான்கு பேரும் அந்தக் குரல்களுக்காக மட்டும் மூன்று வாரம் செலவழித்தார்கள். அதை வீட்டில் லேப்டாப்பும் ஒரு மைக்கும் வைத்துக்கொண்டு, அவர்கள் போன வழியிலேயே போய் உருவாக்கிப் பார்த்த கதை இது. பாட்டைப் பாடுவது என் திட்டத்தில் இல்லை. அந்தக் குரல் படுகை மட்டும் வேண்டும்.

முதலில் பாட்டு வந்த வழி. குழுவின் நால்வரில் ஒருவரான எரிக் ஸ்டூவர்ட்டுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம். ‘உன்னைக் காதலிக்கிறேன் என்று நீ அடிக்கடி சொல்வதே இல்லையே’ என்று மனைவி கேட்டிருக்கிறார். சும்மா சும்மா சொன்னால் அதற்கு மதிப்பு போய்விடும் என்பது ஸ்டூவர்ட்டின் கட்சி. அப்படியானால் அந்த வார்த்தையைச் சொல்லாமலே, இல்லவே இல்லை என்று சாதித்தே, அதைச் சொல்லிவிட்டால் என்ன? காதலிக்கவில்லை என்று அடம்பிடிக்கிறவன் ஒவ்வொரு வரியிலும் மாட்டிக்கொள்கிற பாட்டு அங்கிருந்து பிறந்தது. குழுவின் கிரஹாம் கூல்ட்மேனும் சேர்ந்து உட்கார்ந்து மெட்டை முடித்தார்.

அவர்கள் முதலில் பதிவு செய்தது போசா நோவா என்ற பிரேசில் தாளத்தில். குழுவின் மற்ற இருவரில் கெவின் காட்லிக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. பாட்டைத் தூக்கிப் போட்டார்கள், டேப்பையும் அழித்துவிட்டார்கள். ஆனால் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர்கள் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே திரிந்தார்கள். அதைக் கேட்ட பிறகுதான் மறுபடி எடுப்போமா என்ற பேச்சு வந்தது. எடுப்பதானால் யாரும் செய்யாத மாதிரி எடுக்க வேண்டும், வாத்தியத்தை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் குரலால் செய்வோம் என்று சொன்னவர், முதலில் வேண்டாம் என்ற அதே காட்லி. அவ்வளவு குரலுக்கு எங்கே போவது? டேப்பை வளையமாக ஒட்டி லூப்பாகச் சுற்றவிடலாம் என்றார் நான்காமவரான லோல் க்ரீம்.

அவர்கள் செய்தது இதுதான். கூல்ட்மேன், காட்லி, க்ரீம் மூவரும் ஒரே சுரத்தில் ‘ஆ’ என்று பாடுவார்கள். ஸ்டூவர்ட் பதிவு மேசையில் இருப்பார். 16 டிராக், அதாவது பதினாறு தனித்தனித் தடம் உள்ள டேப் மெஷினில் பதினாறு முறை அதையே பாடினால் ஒரு சுரத்துக்கு 48 குரல். அதை ஸ்டீரியோவாகக் கலந்து சுருக்கி, சுமார் 12 அடி நீளமுள்ள டேப் வளையமாக ஒட்டி, மெஷினிலிருந்து வெளியே இழுத்து, மைக் ஸ்டாண்ட் ஒன்றின் தலையைச் சுற்றித் திரும்பி வரவிட்டார்கள். வளையம் சுற்றச் சுற்ற அந்த ‘ஆ’ பாட்டின் நீளத்துக்கும் ஒரு டிராக்கில் ஏறும். அடுத்து அடுத்த அரைச்சுரம். இப்படிப் பதிமூன்று சுரம். ஸ்டூவர்ட் பின்னாளில் சொன்ன கணக்குப்படி மொத்தம் 624 குரல்.

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரு கட்டை சுருதியில் கீழ் ‘ச’ தொடங்கி பன்னிரண்டு சுரஸ்தானமும் மேல் ‘ச’வும். நான் அந்த வரம்பையே எடுத்துக்கொண்டேன். அவர்கள் எந்த வரம்பில் பாடினார்கள் என்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை. 130 ஹெர்ட்ஸிலிருந்து 261 ஹெர்ட்ஸ் வரை, ஆண் குரல் தொண்டை கட்டாமல் பாடக்கூடிய இடம். பாடுவதற்கு நான், என் மச்சினன், கர்நாடக சங்கீதம் முறையாகக் கற்ற நண்பர் ஒருவர். ஒரு கண்டென்சர் மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ், மென்பொருள் ரீப்பர். ஜன்னலில் ஜமக்காளம். ஃபேனை நிறுத்தியாக வேண்டும், அதில் சமரசமே கிடையாது.

ஃபேன் விஷயத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் என்னிடம் பலர் கேட்டார்கள்: இத்தனை குரல் சேரும்போது சத்தம் அதற்குள் அமுங்கிவிடாதா? அமுங்காது. பதினாறு தனித்தனிப் பதிவுகளைக் கூட்டினால் குரல் சுமார் 12 டெசிபல் ஏறும். ஒவ்வொரு பதிவிலும் இருக்கிற ஃபேன் இரைச்சலும் அதே 12 டெசிபல் ஏறும். ஒரு டேக்கில் (ஒருமுறை பாடிய பதிவில்) இருந்த விகிதம்தான் கடைசியிலும் இருக்கும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. சுருதி பிடிக்க ஹெட்ஃபோனில் ஒரு ஒலியை ஓடவிட்டுக்கொண்டே பாடினால், அது கொஞ்சம் கசிந்து மைக்கில் விழும். கேட்டால் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் அது ஒவ்வொரு டேக்கிலும் அதே இடத்தில் அச்சு மாறாமல் வருகிற ஒலி. பதினாறையும் கூட்டும்போது அலைமேடு அலைமேட்டின் மேலேயே விழுந்து 24 டெசிபல் ஏறிவிடும். குரலோ 12 மட்டும்தான் ஏறும். அதனால் முதலில் ஒலியைக் கேட்டு, மனதில் வாங்கிக்கொண்டு, அதை நிறுத்திவிட்டு, அப்புறம் பாடுவது என்று வைத்துக்கொண்டோம். மூன்று பேரும் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுக்கொண்டே பாடுவதால் சுருதி பெரிதாக நழுவவில்லை.

பாடுவது சுலபம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஒரு ‘ஆ’, அவ்வளவுதானே! ஆனால் பதினைந்து நொடி ஒரே அளவில், ஏற்ற இறக்கம் இல்லாமல், அசைவில்லாமல் நிறுத்துவது தனி வித்தை. இதில் அதிகம் திணறியவர் சங்கீதம் கற்ற நண்பர்தான். காந்தாரம் வந்தால் அவர் குரல் தானாக ஆடும். சும்மா நிற்கிற காந்தாரம் அவர் தொண்டைக்குப் பழக்கமே இல்லை. வலது கை வேறு தொடையில் ஆதி தாளம் தட்டும், அது மைக்கில் ‘தொப் தொப்’ என்று விழும். கடைசியில் இரண்டு கையிலும் ஒரு தலையணையைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னோம்.

மச்சினன் பிரச்சினை வேறு. “மாமா, எத்தனை தடவைதான் ஆ-ன்னு கத்துறது? பல் டாக்டர்கிட்ட வந்த மாதிரி இருக்கு” என்றான். நியாயம்தான். பதிமூன்று சுரம், சுரத்துக்குப் பதினாறு டேக் என்றால் 208 பதிவு. ஸ்ட்ராபெரியில் அந்த மூவரும் இதைத்தான் செய்தார்கள்.

குறுக்கு வழி இல்லையா என்று பார்க்காமல் விடுவேனா? ஒரே டேக்கைப் பதினாறு முறை காப்பி செய்து பார்த்தேன். மூன்று பேர் பாடினது மூன்று பேர் பாடினதாகவே இருந்தது, சத்தம் மட்டும் அதிகம். காப்பிகளை முன்பின் நகர்த்தி வைத்தால் தகர டப்பாவுக்குள் பாடுவது போல ஆகிறது. ஒரு குரலைப் பலவாகக் காட்டும் கோரஸ் ப்ளக்-இன் (மென்பொருளில் சேர்க்கும் துணைக்கருவி) போட்டால் அலை ஒரே வேகத்தில் வந்துவந்து போகிறது, காது அதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. நிஜமாகவே தனித்தனியாகப் பாடினால் என்ன நடக்கிறது என்றால், 200 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருவர் 10 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் பத்தில் ஒரு பங்கு விலகினால், நொடிக்கு ஒன்றுக்குச் சற்று மேல் என்ற வேகத்தில் ஒரு அலைவு வரும். 48 குரல்களுக்கு நடுவே அப்படி ஆயிரத்துக்கு மேல் ஜோடிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம். எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து எதுவுமே தனியாகக் கேட்காமல், ஒரு மினுமினுப்பு மட்டும் மிஞ்சும். இதைச் சோதிக்க எல்லா டேக்கையும் சுருதி திருத்தும் ப்ளக்-இன்னில் போட்டு நேராக்கினேன். மினுமினுப்பு போய் ஆர்கன் வாசிப்பது போல ஆனது. திருத்தத்தை எடுத்துவிட்டேன். ரொம்பவும் விலகியவற்றை மட்டும் தூக்கிவிட்டு மறுபடி பாடினோம்.

அடுத்து லூப். டேப்பில் ஒட்டுப்போட்ட இடம், டேப்பைப் படிக்கும் மெஷின் தலையை (ஹெட்) கடக்கும்போது லேசாக ஒரு தடுக்கல் கேட்கும். அது அடிக்கடி வராமல் இருக்கத்தான் ஸ்டூவர்ட் வளையத்தை அவ்வளவு நீளமாக வைத்தார். நொடிக்கு 15 அங்குலம் ஓடும் மெஷினில் 12 அடி டேப் ஒரு சுற்று வர 9.6 நொடி ஆகும். 30 அங்குலத்தில் அதில் பாதி. கணினியில் ஒட்டு தெரியாமல் செய்ய க்ராஸ்ஃபேட் இருக்கிறது: ஒரு துண்டு மங்க மங்க அடுத்தது ஏறிவரும். ஒவ்வொரு சுரத்திலும் தொடக்கத்தையும் கடைசி மூச்சையும் வெட்டிவிட்டு நடுத்துண்டை மட்டும் எடுத்து, வால் பகுதியைத் தலைப் பகுதியின் மேல் இரண்டு நொடி ஏற்றினேன். இதில் ஒரு நுணுக்கம்: நேர்கோட்டு க்ராஸ்ஃபேட் போட்டால் ஒட்டின் நடுவில் 3 டெசிபல் பள்ளம் விழும், ஏனென்றால் இரண்டு பகுதியும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஒலி. ஈக்வல் பவர் என்று ஒரு வளைவு இருக்கும், அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொன்று, பதிமூன்று லூப்பையும் ஒரே நீளத்தில் வெட்டாதீர்கள். வெட்டினால் எல்லா ஒட்டும் ஒரே நேரத்தில் வந்து, ஒட்டு சுத்தமாக இருந்தாலும், மொத்தப் படுகையும் ஒரே சீராக ஏறி இறங்குவது கேட்கும். நான் எட்டு நொடிக்கும் பதினோரு நொடிக்கும் நடுவில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளம் வைத்தேன்.

இதுவரை செய்தது கச்சாப்பொருள். பாட்டாக மாறுவது ஃபேடரில், அதாவது மேலும் கீழும் தள்ளி ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பித்தானில். பதிமூன்று சுரமும் பாட்டு முழுக்க நிற்காமல் ஒலித்துக்கொண்டிருக்கும், எது கேட்க வேண்டுமோ அதன் ஃபேடரை ஏற்ற வேண்டும். 10சிசி நால்வரும் மிக்சிங் மேசை முன்னால் நின்று, ஆளுக்குச் சில ஃபேடர்களைப் பிடித்துக்கொண்டு, கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) மாறும்போதெல்லாம் சிலதை ஏற்றி சிலதை இறக்கி, மேசையையே ஒரு வாத்தியமாக வாசித்தார்கள்.

நான் முதலில் மௌஸால் ஆட்டோமேஷன் கோடு, அதாவது ஒலி எப்போது ஏறி இறங்க வேண்டும் என்ற கோடு, வரைந்து பார்த்தேன். கார்டு சரியாக மாறியது. உயிர் இல்லை. அப்புறம் கணினியில் செருகும் சின்ன ஃபேடர் பெட்டி, கோர்க் நானோகன்ட்ரோல் 2, இரண்டு கிடைத்தது. ஒன்று என்னுடையது, இன்னொன்று இரவல். ஒன்றில் எட்டு ஃபேடர், இரண்டு சேர்ந்தால் பதினாறு, பதிமூன்றுக்குத் தாராளம். இரண்டையும் டைனிங் டேபிளில் பக்கம் பக்கமாக ஒட்டிவைத்து, ஃபேடர்களுக்குக் கீழே ‘ச, ரி1, ரி2’ என்று எழுதி ஒட்டினேன். நண்பருக்கு அதுதான் சட்டென்று படிக்க வந்தது.

கையால் ஓட்டத் தொடங்கியதும் ஒன்று பிடிபட்டது. ஃபேடர் மேலே போக அரை நொடியாவது ஆகும். தாளம் விழுந்த பிறகு கையை அசைத்தால் குரல் பின்தங்கிவிடும். கார்டு வருவதற்கு முன்பே விரல் கிளம்பிவிட வேண்டும், குரல் நிறைகிற கணத்தில் தாளம் விழ வேண்டும். அதோடு மூன்று பேரின் கையும் ஒரே வேகத்தில் போகாது. ‘க’ முதலில் வரும், ‘ப’ கொஞ்சம் பின்னால் வரும், பழைய கார்டின் ‘த’ போக மனமில்லாமல் நிற்கும். மௌஸ் கோட்டில் இல்லாதது இந்தத் தள்ளாட்டம்தான். மூலப் பாட்டில் ஒவ்வொரு கார்டும் மூச்சு இழுப்பது போல வருவதற்குக் காரணம் பாடியவர்களின் நெஞ்சு அல்ல, ஃபேடரைப் பிடித்த விரல்கள்தான் என்பது என் முடிவு. 48 குரல் என்ற எண்ணிக்கையைத்தான் எல்லோரும் வியந்து சொல்வார்கள். என் காதுக்கு, ஒரு சுரத்துக்கு இருபது டேக் போட்டபோதும் பெரிய வித்தியாசம் இல்லை. கையை எடுத்துவிட்டு மௌஸைப் பிடித்தால் வித்தியாசம் உடனே தெரிகிறது.

சரி, இந்தப் பாட்டின் மிகப் பெரிய தந்திரத்துக்கு வருகிறேன். அதன் விலை ஒரு துண்டு டேப். ஒலிநாடா இல்லை, ஒட்டுகிற டேப். ஃபேடர் ஓடும் பள்ளத்தின் அடியில் குறுக்கே டேப்பை ஒட்டி, எந்த ஃபேடரும் முழுதாகக் கீழே இறங்காதபடி செய்துவிட்டார்கள். அதாவது எந்தச் சுரமும் முழுக்க நிற்காது. கார்டில் இல்லாத சுரங்கள் கூட எங்கோ அடியில் ஒலித்துக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு சுரமும் ஒன்றாக ஒலித்தால் கேட்க நாராசமாக இருக்க வேண்டும். மிக மெல்லிசாக இருப்பதால் அப்படி இல்லாமல், அறையில் காற்று இருப்பது மாதிரி ஓர் உணர்வு மட்டும் வருகிறது. பாட்டின் நடுப்பகுதியில் மற்றதெல்லாம் ஒதுங்கும்போது அதை நன்றாகவே கேட்கலாம்.

என் பிளாஸ்டிக் ஃபேடரில் வெறும் டேப் நிற்கவில்லை, தள்ளினால் சுருண்டுவிடுகிறது. நடராஜ் ரப்பரை பிளேடால் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, பள்ளத்தின் அடியில் ஒவ்வொன்றாக வைத்து, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நீளமாக ஒட்டினேன். ரப்பருக்கு ஒரு நல்ல குணம், ஃபேடர் வந்து மோதினால் ‘டக்’ என்று சத்தம் வராது. கண்ணால் பார்க்காமலே அடியைத் தொட்டாயிற்று என்று விரலுக்குத் தெரியும்.

எவ்வளவு உயரத்தில் தடுப்பது என்பதில்தான் மொத்த ருசியும். முழு அளவிலிருந்து 40 டெசிபல் கீழே வைத்தால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. 20-ல் வைத்தால் கார்டு எதுவென்றே குழம்புகிறது. 30 பக்கத்தில் நின்றேன். ஒவ்வொன்றும் 30 கீழே என்றாலும் பதிமூன்றும் சேரும்போது 11 கூடி, மொத்தம் 19 டெசிபல் கீழே என்ற அளவுக்கு வந்துவிடும். அது கேட்கிற அளவு. ரப்பரால் எதிர்பாராத லாபம் ஒன்றும் உண்டு. இந்த வகை ஃபேடர் 0 முதல் 127 வரை படிப்படியாகத்தான் எண் அனுப்பும், அடியில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே ஒலி சட்டென்று தாவும். தடுப்பு அந்தப் பகுதிக்கே போகவிடாததால் தாவல் காதில் விழவில்லை.

சுருதிப் பெட்டியை அணைக்காமல் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிற அறை எப்படி இருக்கும்? தடுப்பை வைத்த பிறகு எங்கள் பதிவு அப்படி ஆனது. நண்பர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, “இப்ப எல்லாத்தையும் இறக்கிப் பாரு” என்றார். எல்லா ஃபேடரும் ரப்பரில் போய் நின்றன. ஒலி நிற்கவில்லை. எந்தச் சுரம் என்று சொல்ல முடியாத ஒன்று இருந்துகொண்டே இருந்தது.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மூலப் பாட்டில் வாத்தியம் மிகக் குறைவு. ஸ்டூவர்ட்டின் எலக்ட்ரிக் பியானோ, கூல்ட்மேனின் கிட்டார், டிரம் செட்டுக்குப் பதிலாக மூக் சின்தசைசரில் காட்லி வாசித்த ஒரு தாழ்ந்த துடிப்பு. அந்தத் துடிப்பை சைன் அலை ஒன்றில் எளிதாகச் செய்துவிடலாம். நடுவில் ஒரு பேஸ் கிட்டார் வரும், ஒரு பொம்மை இசைப்பெட்டியும் உண்டு. ஆண்பிள்ளை அழக்கூடாது என்று ஒரு பெண் குரல் கிசுகிசுக்கும் இடம் வருமே, அது ஸ்டுடியோவின் செயலாளர் கேத்தி ரெட்ஃபெர்ன். அங்கே என்ன வைப்பது என்று இவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது அவர் கதவைத் திறந்து, எரிக்குக் கேட்கும்படி மெல்லிய குரலில், தொலைபேசி வந்திருக்கிறது என்றாராம். இந்தக் குரல்தான் வேண்டும் என்று க்ரீம் பிடித்துக்கொண்டார். தயங்கியவரைச் சம்மதிக்க வைத்து மைக் முன்னால் நிறுத்தினார்கள். பாட்டு இங்கிலாந்தில் 1975 ஜூன் கடைசியில் முதலிடத்துக்குப் போனது, அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை.

எங்கள் படுகை இப்போது ஆறு நிமிட ஸ்டீரியோ கோப்பாக இருக்கிறது, எங்கள் சொந்த மெட்டில் நான்கு கார்டு சுற்றிச் சுற்றி வருகிறது. கேட்டால் ஒரு குறை தெரியும்: எல்லாம் ஆண் குரலின் நடு ஸ்தாயி என்பதால் மேலே வெளிச்சம் போதவில்லை. ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றிப் பார்த்தேன், மூச்சும் உமிழ்நீர்ச் சத்தமும்தான் ஏறியது. வெளிச்சத்துக்கு, மேல் ஸ்தாயியைத் தனியாகப் பாடித்தான் ஆக வேண்டும். என் மனைவியும் அவள் தோழிகள் இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், ஃபேனை மட்டும் ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவில் ஐந்து நிமிடம் போட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. தொண்டைக்கும் அது நல்லதுதான். ஃபேடரும் இன்னும் தேவைப்படும், அதற்குத்தான் யாரிடம் இரவல் கேட்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.